கட்டிய கயிற்றுக்கும் காவலா?




ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம் கரையோரத்தின் எந்த ஊராகவும் அது இருக்கலாம். ஸுபஹ் பாங்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. ஊர் உறங்குகிறது. அந்த வீட்டுக் குசினியில் மட்டும் விளக்கு எரிகிறது.

அந்தச் சகோதரி எழுந்துவிட்டாள். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகள் கழுவித் துடைத்து வரிசையாக இருக்கின்றன. உம்மாவின் பிரஷர் குளிசை எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டாரிலிருக்கும் கணவர் அனுப்பிய பணம் எது எதற்கு என்று ஒரு கொப்பியில் கணக்கு. எட்டு மணிக்கு அவள் பாடசாலையில் நிற்பாள். ஒரு நாளும் பிந்தியதில்லை. உறவில் ஒரு கலியாணம் என்றால் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். "அவ கெட்டிக்காரி. அவ இல்லாட்டி இந்த வீடே ஓடாது" என்பது ஊர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம்.

ஊர் காணாத பக்கம் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டரின் திருகை இரவில் மூன்று முறை எழுந்து வந்து பார்ப்பாள். வெளிநாட்டு இலக்கத்திலிருந்து நேரமில்லா நேரத்தில் போன் அடித்தால் எடுப்பதற்குள் கை குளிர்ந்துவிடும். மகன் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பிந்தினால், மனத்துக்குள் ஒரு மையித்து வீடே நடந்து முடிந்துவிடும். காலையில் எழும்போது தாடை வலிக்கும். உறக்கத்திலும் பல்லை இறுகக் கடித்திருக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சொன்ன ஒரு வார்த்தையை இன்று முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்: "பிழையாக எடுத்திருப்பாவோ?"

இவள் யாரோ ஒருத்தி அல்ல. நம்மில் பலரின் சாயலைச் சேர்த்துத்தான் இவளை வரைந்திருக்கிறேன். வாசிக்கும்போதே "இது நானல்லவா!" என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். இம்மாதம் உங்களோடுதான் பேசப்போகிறேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டா?

வேலையில் குறை வைக்காமல், சிரித்த முகத்தோடு, உள்ளே ஓயாத பதற்றத்தோடு வாழும் இந்த நிலையை இப்போது 'ஹை ஃபங்ஷனிங் ஆங்ஸைட்டி' என்று அழைக்கிறார்கள். 'ஓடிக்கொண்டே இருக்கும் பதற்றம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரில் ஒரு நோய் இல்லை. அங்கே இருப்பது 'பொதுவான பதற்ற நோய்'. ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை, அதனுடன் உறக்கக் கேடு, களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம், மனம் ஒன்றில் நிலைக்காமை ஆகியவற்றில் சில சேர்ந்திருந்தால் மருத்துவர் அதைச் சந்தேகிப்பார். நம் சகோதரி பெரும்பாலும் அந்த வாசலில் நிற்கிறாள், அல்லது உள்ளேயே இருக்கிறாள். வேலை தடைப்படாததால் யாருக்கும் அது தெரிவதில்லை. அவளுக்கே தெரிவதில்லை!

உலகில் 2019ஆம் ஆண்டில் சுமார் 30 கோடிப் பேர் பதற்ற நோய்களோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த நோய்கள் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கின்றன.

மூளையின் காவற்காரன்

நம் மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், வாதுமைக் கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. அது ஒரு காவற்காரன். ஆபத்தின் சாயல் தெரிந்தாலே, நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அது மணியடித்துவிடும். உடனே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, கை கால் குளிர்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. சற்றுப் பின்னால் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு வந்து, உடலை நீண்ட நேரம் விழிப்பிலேயே வைத்திருக்கிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை ஒரு நிதானமான மூத்தவரைப்போல. "பொறு, அது பாம்பல்ல, கயிறு" என்று சொல்லிக் காவற்காரனை அமர்த்துவது அதன் வேலை. மூன்றாவதாக ஹிப்போகம்பஸ் என்றொரு பகுதி. எது எங்கே, எப்போது நடந்தது என்ற நினைவுகளுக்கு அதுதான் பொறுப்பு. "அந்த ஆபத்து அன்றைக்கு, இன்றைக்கு அல்ல" என்று பிரித்துக் காட்டவும் அது உதவுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் எழுந்து வந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்தில்தான் அதிகமானோர் மௌத்தானார்கள். 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். அன்று கையிலிருந்த பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய்மார் இன்றும் நம் தெருக்களில் வாழ்கிறார்கள்.

பின்னர் 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது, இலங்கைக் கரையோரத்துக்கும் சுனாமி எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளூர்ப் பக்கமாக விரைந்தார்கள். கடல் அன்று வரவில்லை. ஆனால் 2004ஐக் கண்ட உடல்களுக்கு அது வந்துவிட்டது! காவற்காரனுக்குக் கலண்டர் கிடையாது.

அந்தக் காவற்காரனுக்கு நம் மண் ஒரு நாள் பாடம் மட்டும் கொடுக்கவில்லை. 1990களின் போர்க்கால இரவுகளில் கதவைத் தாழிட்டுக் காது கொடுத்துக் கிடந்தவர்கள் நம் உம்மாமார். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் கேட்ட வெடியோசை இன்னொரு தலைமுறைக்குக் கிடைத்த பாடம். 2022இல் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதும், பால்மா தேடி அலைந்ததும் வேறு வகைப் பாடம். இவையெல்லாம் படாத ஒருத்திக்கும் பதற்றம் வரலாம். பரம்பரை உண்டு, வளர்ப்பு உண்டு. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்று, மூவருக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற நம் ஊர் வழக்கின் பாரம் ஒன்றே போதாதா, ஒரு தாயை இருபது வருடம் விழித்திருக்க வைக்க?

பயம் வேலை வாங்குகிறதே, அது நல்லதல்லவா?

இந்தக் கேள்வி நியாயமானது. பரீட்சைக்கு முன் சிறிது பயம் இருந்தால்தான் பிள்ளை புத்தகத்தை எடுக்கும். 1908ஆம் ஆண்டிலேயே யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிதமான தூண்டுதல் உதவியது. அது கடுமையாகியபோது கற்றல் குன்றியது. அளவான உப்பு கறிக்கு ருசி. கை தவறினால் கறியே பாழ்!

ஆனால் நம் சகோதரி சிக்கியிருக்கும் பொறி இதைவிட நுட்பமானது. திருகைப் பார்க்கிறாள், மூடியிருக்கிறது, மனம் சற்று ஆறுகிறது. அந்த ஆறுதல்தான் பொறி! "நான் பார்த்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை" என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. பார்க்காவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு ஒரு சந்தர்ப்பம்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே நாளை இரண்டு முறை, மறுநாள் மூன்று முறை.

கலியாண வேலை சரியாக முடிந்ததா? "நான் பதறியதால்தான் முடிந்தது." மகன் சித்தியடைந்தானா? "நான் உறங்காமல் இருந்ததால்தான்." ஒவ்வொரு வெற்றியும் பயத்தின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஊரார் கொடுக்கும் பாராட்டும் அதே கணக்கில்தான் போய்ச் சேருகிறது. அவளுடைய திறமைக்கு அங்கே ஒரு சதமும் இல்லை!

தேய்மானம்

நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கீவன் என்ற விஞ்ஞானி இருந்தார். மன அழுத்தத்தின்போது சுரக்கும் இந்த வகைச் சுரப்பு எலியின் மூளைக்குள் போய் ஹிப்போகம்பஸில் தங்குவதை 1968இல் அவர் குழுவினர் காட்டினார்கள். பதற்றம் நெஞ்சோடு நிற்பதில்லை, மூளையையும் தொடுகிறது என்று அப்போதுதான் உலகுக்கு விளங்கத் தொடங்கியது. ஓயாத அழுத்தம் உடலில் ஏற்றும் தேய்மானத்துக்கு 1993இல் அவரே ஒரு பெயரும் வைத்தார்: அலோஸ்டெடிக் சுமை. தண்ணீர் மோட்டர் ஒன்றை நாளெல்லாம் நிறுத்தாமல் ஓடவிட்டால் என்னவாகும்? தண்ணீர் வரும்; மோட்டர் காய்ந்துபோகும்.

நமக்கு அருகிலேயே, இந்தியாவின் பெங்களூரில், சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வுக்கூடத்தில் 2002இலும் 2004இலும் வெளியான எலி ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. நாள்தோறும் அழுத்தத்துக்கு உள்ளான எலிகளின் ஹிப்போகம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ அவை படர்ந்து வளர்ந்தன. நினைவுக்காரர் மெலிய, காவற்காரன் கொழுத்தான்! பின்னர் மூன்று வாரம் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகம்பஸ் தேறியது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது.

எலியின் மூளையை அப்படியே மனித மூளையாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் இதிலொரு பாடம் இருக்கிறது. "இரண்டு நாள் உம்மா வீட்டில் போய் ஓய்வெடு, எல்லாம் சரியாகும்" என்ற நம் வழக்கமான மருந்து பலருக்கு ஏன் போதுவதில்லை என்பதை யோசிக்க வைக்கிறது. களைப்பு தீர ஓய்வு போதும். காவற்காரனுக்கோ புதிய பாடம் வேண்டும்.

தேய்மானம் வீட்டில் எப்படித் தெரியும்? வைத்த சாமான் வைத்த இடம் மறந்துபோகும். வாசித்த பக்கத்தையே திரும்ப வாசிக்க வேண்டிவரும். வயிறு எரியும், தலை கனக்கும், கழுத்து பிடிக்கும். பள்ளியில் நாற்பது பிள்ளைகளிடம் பொறுமையாக இருந்தவள், வீட்டில் ஒரு கோப்பை உடைந்ததற்குத் தன் பிள்ளையின் முதுகில் வைத்துவிடுவாள். பிறகு இரவெல்லாம் அதற்காக அழுவாள். இதில் எனக்கு அதிகம் வலிப்பது எது தெரியுமா? அந்தப் பிள்ளை உம்மாவின் முகத்தைப் பார்த்தே "உலகம் ஆபத்தானது" என்று படித்துக்கொள்கிறது. சீதன வீட்டோடு பதற்றத்தையும் அல்லவா மகளுக்குக் கொடுத்தனுப்புகிறோம்!

"ஈமான் குறைவு" என்று சொல்லாதீர்கள்

இப்படி ஒருத்தி வாய் திறந்தால் உடனே கிடைக்கும் பதில் என்ன? "தவக்குல் இல்லை." "ஓதல் குறைவு." "கண்ணூறாக இருக்கும், தண்ணி ஓதிக் குடி." ஏற்கனவே குற்றவுணர்வில் கிடப்பவள்மீது இன்னொரு பாறாங்கல்!

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நமக்கு வழிகாட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. பாதுகாவல் தேட வேண்டிய ஒன்று என்றால், அது மனிதர்க்கு வரக்கூடிய ஒன்று என்பதுதானே பொருள்?

நம் முன்னோர் இதை நோயாகவே கண்டார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பிரதேசத்தில் 850ஆம் ஆண்டளவில் பிறந்து 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்குமான பராமரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடல் நோயுறுவதுபோலவே உள்ளமும் நோயுறும் என்றும், ஒன்றின் நோய் மற்றதைத் தாக்கும் என்றும் சொன்னார். உள்ளத்து நோய்களைக் கோபம், பயம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் என்று பிரித்து ஆராய்ந்தார். வீட்டில் திடீர்த் தேவைக்கு மருந்து எடுத்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துப் பதற்றம் வரும்போது எடுத்துப் பாவிக்க வேண்டும் என்பது அவருடைய ஆலோசனை. சூடானைச் சேர்ந்த உளவியலாளர் மாலிக் பத்ரி அந்நூலின் உளவியல் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, இன்றைய சிகிச்சை முறைகளோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை எடுத்துக் காட்டினார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்கச் சொன்ன நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். கட்டாமல் விடுபவருக்குத்தான் அதைச் சொல்லிக் காட்டுவோம். நம் சகோதரியின் சங்கதி வேறு. அவள் ஒட்டகத்தை ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாள். பிறகு கயிற்றுக்குக் காவலாக விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அவள் நெஞ்சில் நம்பிக்கை குறைந்துவிடவில்லை. அவள் மூளையில் மணி நிற்கவில்லை.

மணியை எப்படி நிறுத்துவது?

1. ஒரு முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். திருகை ஒரு முறை பாருங்கள். "பார்த்துவிட்டேன்" என்று வாயால் சொல்லுங்கள். இரண்டாம் முறை போகாதீர்கள். முதல் இரவு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் படபடப்பு ஏறி, நின்று, தானாகவே இறங்கும். அது இறங்குவதை இருந்து பாருங்கள். காவற்காரன் பாடம் படிப்பது அந்த நேரத்தில்தான். சிறியதில் தொடங்கி மெல்லப் பெரியதற்குப் போங்கள்.

2. கவலைக்கு நேரம் குறியுங்கள். அஸருக்குப் பின் ஒரு கால் மணி நேரம் போதும். மனத்தில் வருவதையெல்லாம் கொப்பியில் எழுதுங்கள். செய்யக்கூடியது எது, கையில் இல்லாதது எது என்று பிரியுங்கள். இரவில் கவலை கதவைத் தட்டினால் "நாளை அஸருக்கு வா" என்று திருப்பி அனுப்புங்கள்.

3. மூச்சை மெல்ல விடுங்கள். உள்ளே எடுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் அப்படிச் செய்தால் நெஞ்சின் ஓட்டம் தணியும்.

4. நடவுங்கள். அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையான 120 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஒரு சாரார் வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம் என ஒரு வருடம் வேகமாக நடந்தார்கள். அவர்களின் ஹிப்போகம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது! தேய்ந்த மூளை தேறும் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? தனியே போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டாரோடு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். கடற்கரை மனத்தை உலுக்குமென்றால் வயல் பக்கம் போங்கள்.

5. உறக்கத்தைக் கடன் வாங்காதீர்கள். மாலைக்குப் பின் கடும் தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். போனைப் படுக்கைக்குக் கொண்டு போகாதீர்கள். வட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளில் பாதி, காவற்காரனை எழுப்பவே அனுப்பப்பட்டவைபோல் இருக்கின்றன!

இவற்றுக்கும் அடங்காவிட்டால் வைத்தியரிடம் போவதில் வெட்கம் எதற்கு? தைரொயிட் கோளாறும் இரத்தச்சோகையும்கூட நெஞ்சுப் படபடப்பைத் தரும். அவற்றை முதலில் சோதித்துவிடுவது நல்லது. பிறகு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை உண்டு. தேவையானால் மருந்தும் உண்டு. இன்று பதற்றத்துக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்துகள், வைத்தியர் சொன்னபடி எடுத்தால், போதைபோல் பிடித்துக்கொள்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தவும் கூடாது. ஆனால் மைத்துனி கொடுத்த நித்திரைக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. பழகிப்போகும் வகை அதில்தான் இருக்கிறது.

முன்பு மனநோய்க்கு வைத்தியம் என்றால் அங்கொடைதான் என்றிருந்த காலம் போய்விட்டது. சுனாமிக்குப் பின் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சேவையை மாவட்டங்களுக்கு எடுத்துவர வழி செய்தது. அரசாங்க ஆதார வைத்தியசாலையில் கேட்டால் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். பணம் கொடுக்கத் தேவையில்லை. போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு நாளும் காத்திருக்காமல் அழையுங்கள்.

கடைசியாக, வீட்டாருக்கு

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் கொடுங்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: "நீ இல்லாட்டி இந்த வீடு ஓடாது" என்று இனிச் சொல்லாதீர்கள். அது பாராட்டாகத் தெரியும். அவள் காதில் அது கட்டளையாக விழுகிறது. "நீ படு, இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உண்மையாகவே பார்த்துக்கொள்ளுங்கள். சோறு கொஞ்சம் குழைந்தால் குழையட்டும். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களே, பணம் கிடைத்ததா என்று கேட்பதற்கு முன், இரவு உறங்கினாயா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

சகோதரி, நாளை ஸுபஹுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே விழிப்பு வந்தால், எழுந்து இரண்டு ரக்அத் தொழுங்கள், நல்லது. ஆனால் அந்த எழுச்சி அல்லாஹ்வை நாடியதாக இருக்கட்டும், சாப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பயந்ததாக இருக்க வேண்டாம். ஒட்டகம் கட்டியாயிற்று. நீங்கள் போய்ப் படுங்கள்.

நம் உள்ளங்களுக்கு அமைதியையும் உடல்களுக்கு ஆஃபியத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.